மாடித்தோட்டத்தில் நாட்டு விதை எடுக்க: தேனீயிடம் விடுவதா, வலை கட்டுவதா, கையால் தொடுவதா?

விதைத் திருவிழாவில் ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி, அதிலிருந்து கும்பச் சுரையோ வரிப் புடலையோ நன்றாக விளைந்துவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதையை நாமே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தோன்றவும் வேண்டும். கொடியில் ஒரு காயை முற்ற விட்டால் விதை கிடைத்துவிடும், அதில் சிரமம் எதுவும் இல்லை. ஆனால் அந்த விதையை ஊன்றினால் மறுபடியும் அதே கும்பச் சுரை வருமா? பக்கத்து மாடியில் நீளச் சுரை பூத்திருந்தால், வராமல் போக நிறையவே வாய்ப்பு உண்டு.

இதைச் சமாளிக்கப் பல வழிகளைச் சொல்வார்கள். ஒன்றும் செய்யாமல் தேனீயிடம் விட்டுவிடலாம். ஒவ்வொரு காய்கறியிலும் ஒரே ரகம் மட்டும் வைக்கலாம். ரகங்களைப் பட்டம் மாற்றி விதைக்கலாம். வலை கட்டலாம். பூவைக் கட்டி வைத்துக் கையால் மகரந்தம் தொடலாம். எதுவுமே வேண்டாம் என்று வருடா வருடம் புது விதை வாங்கவும் செய்யலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, பூ எப்படிப்பட்டது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: பரங்கி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் ஆகிய கொடிக்காய்களுக்குக் கைதான். மற்ற பெரும்பாலான செடிகளுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் விதைத்தது கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமா? பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் அதுதான். அதிலிருந்து எவ்வளவு கவனமாக விதை எடுத்தாலும் அடுத்த தலைமுறையில் ஒரு கொடி ஒரு மாதிரி, இன்னொரு கொடி வேறு மாதிரி என்று பிரிந்து போகும். கையால் தொடுவதும் வலையும் அதை மாற்றாது. நாட்டு ரகங்களுக்கும், வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 போன்ற ஒட்டு அல்லாத ரகங்களுக்கும்தான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

எது எதோடு சேரும்?

இது தெரியாமல் பயப்படுகிறவர்களும் உண்டு, தெரியாமல் அலட்சியமாக இருப்பவர்களும் உண்டு. பரங்கியும் வெண்பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் படர்ந்தாலும் கலக்காது, இரண்டும் வேறு வேறு பேரினம். சுரையும் பரங்கியும் கலக்காது. பாகலும் புடலும் கலக்காது. ஒரே இனத்துக்குள் இருக்கும் ரகங்கள்தான் கலக்கும். கும்பச் சுரை, நீளச் சுரை, குடுவைச் சுரை மூன்றும் ஒரே இனம், ஆகவே தாராளமாகக் கலக்கும். மிதிபாகலும் பெரிய பாகலும் அப்படித்தான். குட்டைப் புடலும் நீளப் புடலும் அப்படித்தான். பீர்க்கும் நுரைப்பீர்க்கும் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு: இரண்டும் தனி இனங்கள், இருந்தும் ஒன்றோடொன்று சேர்ந்து விதை கட்டக்கூடியவை.

கலப்பு நடந்தாலும் அந்த வருடக் காயில் எதுவும் தெரியாது. அது தாய்க்கொடியின் காய், ஆகவே தாயைப் போலவேதான் இருக்கும். உள்ளே இருக்கும் விதையில்தான் அப்பன் யார் என்பது ஒளிந்திருக்கும். 'காய் அச்சு அசலாக நம்ம ரகம்தான், அதனால் விதையும் சுத்தம்தான்' என்று நினைத்து எடுத்து வைப்பது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேலியோரங்களிலும் காலி மனைகளிலும் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் தானாக முளைத்துக் கிடக்கும். இவை நாம் சாப்பிடும் சுரை, பீர்க்கு, புடலின் கசப்பான காட்டு வடிவங்கள். நம் கொடியோடு சேர்ந்துவிட்டால் அடுத்த தலைமுறைக் காய் கசக்கக்கூடும். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டாசின் வெறும் ருசிக்கேடு இல்லை, நஞ்சு. 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ஒருவர் இறந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, கசக்கும் சுரைச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. வீட்டு விதையிலிருந்து வந்த சுரையோ பீர்க்கோ என்றால், சமைக்கும் முன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். அந்தக் கொடியிலிருந்து விதையும் வேண்டாம்.

தேனீயிடம் விடுவது

உழைப்பே இல்லாத வழி இது. கிராமத்தில் தனி வீடு, சுற்றிலும் நெல் வயல், கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு சுரைக்கொடி இல்லை என்றால் இதுவே போதும், நம் முன்னோர் பெரும்பாலும் இப்படித்தான் விதை எடுத்தார்கள். நகரத்து மாடியில் நிலைமை வேறு. தேனீ இரைதேடி ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். அரசின் விதைச் சான்று முறையில் கொடிக்காய்களின் சான்று விதைக்கே ஒரு ரகத்துக்கும் இன்னொரு ரகத்துக்கும் அரைக் கிலோமீட்டர் இடைவெளி கேட்கிறார்கள், அந்தச் சான்று விதையைப் பெருக்க மூலமாக இருக்கும் ஆதார விதைக்கு அதைவிட அதிகம். சென்னையிலோ கோவையிலோ அரைக் கிலோமீட்டருக்குள் எத்தனை மாடித்தோட்டம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஒரே ரகம் மட்டும் வைத்தால் போதும் என்கிற யோசனையும் இங்கேதான் தடுக்கி விழுகிறது. உங்கள் மாடியில் ஒரு ரகம்தான் இருக்கிறது, சரி. தேனீ உங்கள் மாடியோடு நின்றுவிடுவதில்லை. ஆனாலும் இந்த ஒழுங்கு வீண் இல்லை: பத்தில் எட்டுப் பூ உங்கள் கொடியின் மகரந்தத்தையே வாங்கினால், கலப்பு குறையத்தானே செய்யும். இரண்டு மூன்று தெருக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு இந்த ஆடியில் எல்லோரும் ஒரே சுரை என்று முடிவு செய்தால் பலன் இன்னும் கூடும். கையால் தொட முடியாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பட்டம் மாற்றுவது

ஆடிப் பட்டத்தில் ஒரு ரகம், தைப் பட்டத்தில் இன்னொரு ரகம். சொந்தத் தோட்டத்துக்குள் நடக்கும் கலப்பை இது முழுசாக நிறுத்திவிடும், பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தாது. கீரைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளின் பூ கடுகைவிடப் பொடிசு, மகரந்தம் காற்றில் பறக்கும். அதைக் கையால் கட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பச்சைத் தண்டை இந்தப் பட்டத்தில் பூக்க விட்டால், சிவப்புத் தண்டைப் பூக்கும் முன்பே அறுத்துச் சமைத்துவிடுங்கள். அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒரே கதிரில் வருடக்கணக்குக்கு விதை கிடைப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை.

வலை

பூச்சி புகாத நைலான் வலையில் கூண்டு மாதிரி அடித்துச் செடியை உள்ளே வைப்பது. கேட்க நன்றாக இருக்கும், செலவும் இடமும் கூடுதல். கொடிக்காய்க்கு இதில் ஒரு பெரிய சிக்கல்: ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீயை வெளியே நிறுத்திவிட்டால் மகரந்தத்தை யார் கொண்டுபோவது? கடைசியில் வலைக்குள் நுழைந்து கையால்தான் தொட வேண்டியிருக்கும். அதற்கு வலையே இல்லாமல் பூவை மட்டும் கட்டிவிடலாம்.

மிளகாய், கத்தரிக்கு வலை அருமையாகப் பொருந்தும். அவற்றில் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன, தேனீ இல்லாமலும் காய்க்கும். முழுச் செடிக்கும் கூண்டு தேவையில்லை, ஒரு கிளை போதும். கல்யாண வீட்டில் பரிசுப் பொருள் போட்டுக் கொடுக்கிறார்களே, மெல்லிய வலைத்துணிப் பை, அதை மொட்டு நிறைந்த கிளைக்கு மாட்டிச் சுருக்கை இழுத்துவிடுங்கள். திறந்திருக்கும் பூவையும் ஏற்கெனவே வந்த பிஞ்சையும் முன்பே கிள்ளிவிட வேண்டும். தினம் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். கத்தரிக்கு இந்தத் தட்டல் ரொம்ப முக்கியம்: அதன் மகரந்தப் பையில் நுனியில் சின்னத் துளைதான் உண்டு, கருவண்டு வந்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். வண்டு செய்வதை உங்கள் விரல் செய்ய வேண்டும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தப் பிஞ்சுகளின் காம்பில் மட்டும் வண்ண நூல் கட்டிவிடலாம். முண்டு மிளகாய் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாயோ பஜ்ஜி மிளகாயோ பூத்தால் அந்த உருண்டைக் காய் நிலைக்காது, மூன்றும் ஒரே இனம்.

தக்காளி, கொத்தவரை, தட்டைப்பயறுக்கு எதுவுமே வேண்டாம். பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே வாங்கிக்கொள்ளும். இரண்டு ரகத்துக்கு நடுவில் நாலு தொட்டி தள்ளி வைத்தால் வீட்டுத் தேவைக்குப் போதும். வெண்டைக்கு முந்தின மாலை மொட்டின் நுனியை நூலால் கட்டிவிடுங்கள், அது கட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடும், தொடக்கூட வேண்டாம்.

கை

சரி, கொடிக்காய்க்கு வருவோம். காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்ப்பது என்பது மாடித்தோட்டக்காரர்கள் பெரும்பாலோருக்குத் தெரிந்த வேலைதான், பிஞ்சு உதிராமல் இருக்கச் செய்கிறோம். காய்க்காக என்றால் அது போதும். விதைக்காக என்றால் அது பாதி வேலைகூட இல்லை. நீங்கள் ஆறரை மணிக்கு மாடிக்குப் போகும்போது தேனீ ஏற்கெனவே வந்துபோயிருக்கும். நீங்கள் தேய்த்த பிறகும் திறந்த பூவுக்கு இன்னொரு தேனீ வரும். விதை சுத்தமாக இருப்பது முந்தின நாள் கட்டும் நூலாலும், தொட்டபின் மறுபடி கட்டும் நூலாலும்தான். இந்த இரண்டு கட்டையும் விட்டுவிட்டால், தேனீயிடம் விட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பரங்கியில் இது ரொம்பச் சுலபம், அங்கிருந்து தொடங்குங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பரங்கி இருக்கும், ஆண் பூவுக்கு நீளமான வெறும் காம்பு. நாளை விரியப்போகும் மொட்டு இன்று சாயங்காலமே நுனியில் மஞ்சள் காட்டும். அப்படி ஒரு பெண் மொட்டையும் இரண்டு மூன்று ஆண் மொட்டையும் தேர்ந்தெடுத்து, நுனியில் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள், துணி கிளிப்பும் மாட்டலாம். இதழ் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. ஆகவே தேனீ நுழையாத அளவுக்குக் கட்டினாலே போதும்.

மறுநாள் விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், மகரந்தமும் வீரியம் இழக்கும். ஆண் பூவைக் காம்போடு பறித்து, கட்டை அவிழ்த்து, இதழை உரித்துவிடுங்கள். மகரந்தத் தண்டு மட்டும் நிற்கும், விரலில் பட்டால் மஞ்சளாக ஒட்டும். பெண் பூவைத் திறந்து, நடுவில் இருக்கும் சூலகமுடியின் எல்லா மடல்களிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் பூ இருந்தால் நல்லது, விதை நிறையக் கட்டும். இரண்டு கொடி இருந்தால் அடுத்த கொடியின் ஆண் பூவையும் எடுத்துக்கொள்ளுங்கள், ரகம் அடுத்தடுத்த தலைமுறையில் நலிந்து போகாமல் இருக்கும். இதற்கு நடுவில் ஒரு தேனீ உள்ளே இறங்கிவிட்டால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள், விதைக்கு அது ஆகாது. முடித்ததும் பெண் பூவை மறுபடி மூடிக் கட்டி, காம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். இந்த அடையாளம் இல்லாவிட்டால் ஒருநாள் வீட்டில் யாராவது அதைச் சாம்பாருக்குப் பறித்துவிடுவார்கள்.

மற்ற கொடிகளில் நேரம்தான் மாறும். பாகலும் நுரைப்பீர்க்கும் பரங்கி போல விடிகாலையில் பூக்கும். பீர்க்கு சாயங்காலம் மஞ்சளாக மலரும். சுரையின் வெள்ளைப் பூ விளக்கு வைக்கும் நேரத்தில் விரியும், புடலும் இருட்டும்போதுதான் தன் நார் நாரான இதழைப் பிரிக்கும். இவற்றுக்கு வருவது அந்துப்பூச்சி. ஆகவே மதியம் கட்டிவிட்டு, அன்று மாலையே டார்ச்சோடு போய்த் தொடலாம். வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு உண்மையில் பரங்கியைவிடச் சுரைதான் வசதி, மதியத்துக்குப் பதில் காலையில் கிளம்பும் முன்பே கட்டிவிடலாம். பாகல், புடல் பூக்கள் சின்னவை, நூல் கட்டினால் ஒடிந்துவிடும். அந்த வலைத்துணிப் பையை மாட்டுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துப் பிஞ்சு பெருக்கத் தொடங்கியதும் கழற்றிவிடலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தொட்ட பூ எல்லாம் நிற்காது. மழை பெய்தால் மகரந்தம் நனைந்து கெடும். கடும் வெயிலில் ஆண் பூவாகவே வந்துகொண்டிருக்கும், பெண் பூவுக்குக் காத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் மொட்டைத் தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. தவிர, ஒரு காய் விதைக்காக முற்றத் தொடங்கினால் கொடி அதற்கே சத்தைக் கொடுத்துப் புதுப் பிஞ்சைக் குறைத்துக்கொள்ளும். தொட்டியில் வளரும் கொடிக்கு ஒரு விதைக் காய்க்கு மேல் பேராசை வேண்டாம். சமையலுக்கு நாலைந்து காய் பறித்த பிறகு, கொடி திடமாக இருக்கும்போதே அடுத்த பெண் பூவை விதைக்கு ஒதுக்குங்கள். கொடி சோர்ந்து இலை வெளுத்த பிறகு கடைசிக் காயை விதைக்கு விடும் பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு, அதில் விதை சாவியாகவே, அதாவது உள்ளீடற்ற பதராகவே நிற்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டும் கையைச் சொல்வதற்குக் காரணம், ஒரே ஒரு காய் போதும் என்பதுதான். ஒரு பரங்கியில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். ஒரு சாயங்காலம், ஒரு காலை, அதுவும் சில நிமிடம். அதற்குக் கிடைப்பது சில வருடத்துக்கான விதை. கூண்டு கட்டும் செலவும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன வைத்திருக்கிறார் என்ற கவலையும் இல்லை.

வாங்குவது

இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு கொடிக்கு மட்டும் இடம் இருப்பவர், அதையும் காய்க்காகவே வைத்திருப்பவர், நம்பகமான விதைச் சேகரிப்பாளரிடம் வருடா வருடம் வாங்குவதுதான் நியாயம். அவர்கள் நிறையக் கொடிகளில் இருந்து விதை எடுக்கிறார்கள், ரகத்தின் பலம் அங்கேதான் காக்கப்படுகிறது. கோவைக்காய்க்கு இந்தக் கேள்வியே இல்லை: ஆண் கொடி தனி, பெண் கொடி தனி, விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆண் கொடியாக வந்து ஏமாற்றும். காய்க்கும் கொடியில் ஒரு துண்டு வெட்டி நட்டுவிடுங்கள்.

முற்றுவதும் காய்வதும்

பாகல் செம்மஞ்சளாகி வெடிக்கும் முன் பறித்து, விதையைச் சுற்றிய சிவப்புச் சதையைக் கழுவிவிடுங்கள். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே சலசலக்க வேண்டும். பரங்கியின் காம்பு காய்ந்ததும் பறித்து, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்த பிறகு உடையுங்கள், அந்த இடைவெளியிலும் விதை திரளும். விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். அடுப்புச் சாம்பல் கலந்து வைப்பதும், சாண வறட்டியில் பதித்துச் சுவரில் காயவைப்பதும் பாட்டிகள் காலத்து வழி, இரண்டுமே வேலை செய்யும். ஈரம் குறையக் குறைய விதையின் ஆயுள் கூடும், குளுமையும் அப்படியே. ஆகவே நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது நகரத்து வீட்டுக்கு நல்ல ஏற்பாடு.

விதையை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தயங்க வேண்டாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் பகிரவும் உழவருக்கு உரிமை தந்திருக்கிறது. கொடுக்கும்போது பொட்டலத்தின் மேல் ரகத்தின் பெயர், எடுத்த மாதம், வருடம் இவற்றோடு, கட்டித் தொட்டதா திறந்த பூவில் வந்ததா என்றும் எழுதுங்கள். திறந்த பூ என்றால் வாங்குகிறவர் கொஞ்சம் கூடுதலாக ஊன்றி, ரகம் மாறிய கொடியைப் பிடுங்கிவிடுவார். சுரை, பீர்க்கு, புடல் பொட்டலமாக இருந்தால், 'முதல் காயைக் கசப்புப் பார்த்துச் சமைக்கவும்' என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.